ஜவுஸ்டிங்: நிஜச் சண்டையா, செட்டப்பா?

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

போன சனிக்கிழமை மகனுடைய பத்தாவது பிறந்தநாள். டொராண்டோ எக்ஸிபிஷன் பிளேஸில் இருக்கிற மெடீவல் டைம்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டை மாதிரி ஓர் அரங்கு, நடுவில் மணல் களம், சுற்றிவர ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பகுதி, நமக்குக் கிடைத்த நிறத்து நைட்டுக்குத்தான் (கவசம் போட்ட குதிரைவீரர்) நாம் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சாப்பாட்டுக்குக் கரண்டி, முள் எதுவும் கிடையாது. கோழியைக் கையால் பிய்த்துச் சாப்பிடுவதைப் பக்கத்து மேசைக்காரர்கள் பெரிய சாகசமாக நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், என் அம்மா அதற்குள் தன் தட்டை முடித்துவிட்டுப் பேரனுடையதில் கை வைத்திருந்தார்.

ஜவுஸ்டிங் ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு குதிரைகள் எதிரெதிரே பாய்ந்து வர, ஈட்டி உடைந்து தெறிக்க, ஒருவர் விழ, அப்புறம் வாள் சண்டை. திரும்பி வரும்போது காருக்குள் மகன் கேட்டான்: “அப்பா, அந்தக் காலத்தில உண்மையாகவே இப்படித்தான் அடிபட்டவையா, இல்லாட்டி ரெஸ்லிங் மாதிரிப் பொய்யா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. என் சந்தேகம், அந்தக் காலத்திலேயே இது பணக்காரர்கள் தங்களுக்குள் போட்ட நாடகம்தான். நடுவில் நீளமாக ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எந்தப் போரில் நடுவில் பலகை இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர் எழுதியது:

//எந்தப் போரில் நடுவில் பலகை இருந்தது?//

கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் கதையை வாலிலிருந்து பிடித்துவிட்டீர்கள். அந்தத் தடுப்பு வந்ததே 15ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய 300 வருடங்களாவது தடுப்பு இல்லாமலேதான் எல்லாம் நடந்தது.

12ஆம் நூற்றாண்டு வடக்கு பிரான்சில் டோர்னமென்ட் என்றால் ஒற்றைக்கு ஒற்றை மோதுவது முக்கியமே இல்லை, அது பிரதான ஆட்டத்துக்கு முன்னால் இளவட்டங்கள் காட்டும் பவிசு. பிரதான ஆட்டத்துக்கு மெலே என்று பெயர். இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் வயல், திராட்சைத் தோட்டம், ஓடை எல்லாம் சேர்த்துத்தான் களம். நூற்றுக்கணக்கான நைட்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதுவார்கள். கொல்வது நோக்கமில்லை, பிடிப்பதுதான் நோக்கம். எதிராளியின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் அவன் கைதி, அவன் குதிரையும் கவசமும் உங்களுடையது, விடுதலைக்குத் தனியாகப் பணம். நல்ல போர்க்குதிரை என்பது அன்றைக்கு ஒரு சொத்து.

இது போருக்கான பயிற்சியும்தான், அதில் சந்தேகம் வேண்டாம். வரிசை கலையாமல் கூட்டமாகப் பாய்வதை வேறு எங்கே பழகுவது? 1194ல் ரிச்சர்ட் மன்னர் இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் மட்டும் டோர்னமென்ட் நடத்த உரிமம் கொடுத்ததற்குச் சொல்லப்படும் காரணமே, பிரெஞ்சு நைட்டுகள் நம்மவர்களை விடத் தேறியவர்களாக இருக்கிறார்கள் என்பதுதான். கூடவே கல்லாவையும் திறந்து வைத்தார்: ஏர்ல் என்ற பெரிய பிரபு என்றால் 20 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு), அதற்கடுத்த பரோன் பிரபு என்றால் 10, நிலமுள்ள நைட்டுக்கு 4, நிலமில்லாதவனுக்கு 2.

நக்கலார் எழுதியது:

நிலமில்லாதவனுக்கும் ரெண்டு மார்க் டிக்கெட். அரசாங்கம் எப்பவும் அரசாங்கம்தான்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

சரி, ஆனால் நிலமே இல்லாதவன் 2 மார்க் கட்டிவிட்டு ஏன் அடி வாங்கப் போகிறான்?

பழையபேப்பர் எழுதியது:

ஏனென்றால் அவனுக்கு வேறு வழி இல்லை. வில்லியம் மார்ஷல் கதையைச் சொன்னால் புரியும். மூத்தவனுக்குத்தான் சொத்து என்ற ஊரில் இளைய மகன்களில் ஒருவராகப் பிறந்தவர். 1160களின் கடைசியில் நைட் ஆனதும் ஒரு நிஜச் சண்டையில் இறங்கி, விடாமல் அடித்து, கடைசியில் தன் குதிரையையும் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். அன்று இரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடேன், ஒரு பழைய சேணப் பட்டையாவது போதும்” என்றாராம். இவர், என்னிடம் வாழ்க்கையிலேயே அப்படி ஒன்று இருந்ததில்லை என்று விவரம் தெரியாமல் பதில் சொல்ல, “இன்றைக்கு மட்டும் உன் கையில் நாற்பது வந்ததே” என்று அவர் சொன்னதும் சபையே சிரித்தது. ஜெயித்தால் மட்டும் போதாது, பிடித்துக் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் கிண்டலின் பொருள். போட்டிருந்த மேலங்கியை விற்றுத்தான் அடுத்த குதிரை வாங்கினார்.

பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார். பின்னாளில் ரோஜர் என்ற இன்னொரு நைட்டோடு லாபத்தில் பங்கு என்று கூட்டுச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். சுமார் பத்து மாதத்தில் இரண்டு பேருமாக 103 நைட்டுகளைப் பிடித்தார்கள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? மார்ஷல் வேலை பார்த்த இளவரசரின் சமையலறைக் கணக்குப்பிள்ளை.

பிளர் என்ற ஊரில் நடந்த இன்னொன்று. ஆட்டம் முடிந்து, சிறந்த வீரருக்கு என்று ஒரு பெரிய விரால் மாதிரி நன்னீர் மீன் பரிசு. மீன்தான், தங்கம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு மார்ஷலைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் ஒரு கொல்லன் பட்டறையில், பட்டடைக் கல்லின் மேல் தலையை வைத்துக் குனிந்திருக்கிறார். வாங்கிய அடியில் தலைக்கவசம் நசுங்கிப்போய்க் கழற்ற வரவில்லை, கொல்லன் சுத்தியலும் குறடுமாகப் போராடிக்கொண்டிருக்கிறான். இதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நண்பரே.

இந்த ஆள்தான் முடிவில் பெம்ப்ரோக் ஏர்ல் ஆகி, சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே நிர்வகித்து, 1219ல் இறந்தார்.

நக்கலார் எழுதியது:

ஆக மொத்தம் ஐபிஎல் ஏலம். வித்தியாசம், இங்கே ஏலம் எடுத்தவனே அடித்து இழுத்துக்கொண்டு போகணும்.

இரவுப்பறவை எழுதியது:

மார்ஷலின் சாவுப் படுக்கையை விட்டுவிட்டீர்களே. அதைச் சொல்வதற்கு முன்னால் திருச்சபையைச் சொல்ல வேண்டும். 1130லேயே கிளெர்மோன் சபையில் போப் டோர்னமென்டைத் தடை செய்துவிட்டார். அதில் செத்தால் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் கிடையாது. 1139லும் 1179லும் அதையே திரும்பச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றாலே யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். கடைசியில் 1316ல் 22ஆம் ஜான் போப் தடையை எடுத்தார்.

திருச்சபை சும்மா பயமுறுத்தவும் இல்லை. 1241ல் ஜெர்மனியின் நொய்ஸ் நகரத்தில் ஒரே டோர்னமென்டில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். வெட்டுப்பட்டு மட்டும் இல்லை, கவசத்துக்குள் வெக்கையும் புழுதியும் அடைத்து மூச்சுத் திணறிச் செத்தவர்கள்தான் அதிகம் என்று சொல்கிறார்கள்.

இப்போது மார்ஷல். சாகக் கிடக்கிறார். பக்கத்தில் இருந்தவர் மெல்ல, பிறரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மோட்சம் இல்லை என்று பாதிரிமார் சொல்கிறார்களே என்று இழுக்கிறார். கிழவர் சொன்ன பதிலின் சாரம்: நான் 500 நைட்டுகளைப் பிடித்தேன், அவர்கள் குதிரை, கவசம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், அதற்காகச் சொர்க்கக் கதவு சாத்தியிருந்தால் நான் என்ன செய்ய முடியும், திருப்பிக் கொடுக்க வழியில்லை, இந்தப் பாதிரிமார் நம்மை ரொம்பத்தான் மழிக்கிறார்கள்.

எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

நன்றி, இரண்டு பேருக்கும். ஆனால் மகன் பார்த்தது மெலே இல்லையே. ஒருவரை ஒருவர் மோதுவது எப்போது முக்கியமானது? அந்தப் பலகை?

லீட்ஸ்அக்கா எழுதியது:

நான் சரித்திரம் படித்தவள் இல்லை, ஆனால் வீடு லீட்ஸில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் பக்கத்தில். அங்கே நிஜக் களமே உண்டு, ஈஸ்டர் விடுமுறையில் ஜவுஸ்டிங் நடத்துவார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மெலே மெல்ல ஓரமாகப் போய் ஒற்றை மோதல் மேலே வந்தது. காரணம் சாதாரணம்தான். பல மைல் வயலில் நடப்பதை யார் பார்க்க முடியும்? இரண்டு பேர் ஒரே கோட்டில் ஓடினால் யார் அடித்தது, யார் விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஈட்டி முனையையும் மாற்றினார்கள். கூர்முனைக்குப் பதில் கிரீடம் மாதிரி மூன்று கொம்பு வைத்த மழுங்கிய முனை. அது கவசத்தில் பற்றிக்கொள்ளும், துளைக்காது. அதற்கு ‘சமாதான ஜவுஸ்ட்’ என்று பெயர், கூர்முனையோடு ஓடினால் ‘போர் ஜவுஸ்ட்’.

தடுப்பு வந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கு ஐரோப்பாவிலிருந்து. முதலில் வெறும் துணி, கயிற்றில் தொங்கவிட்டது. பிறகுதான் பலகை. குதிரைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அது.

தம்பி ஸ்கார்பரோ, நீங்கள் அந்தத் தவளைவாய் தலைக்கவசத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஒரு கீற்று மட்டும், அதுவும் முன்னால் குனிந்தால்தான் வழி தெரியும். மோதுவதற்குச் சற்று முன்னால் தலையை நிமிர்த்தினால் கீற்றுக்கு முன்னால் இரும்பு உதடு வந்துவிடும், சில்லு உள்ளே போகாது. அதாவது அடி விழும் நொடியில் ஆளுக்குக் கண் தெரியாது! கவசத்தின் மார்போடு அதைத் திருகி மூட்டியிருப்பார்கள், கழுத்தைத் திருப்பவே முடியாது. போர்க்களக் கவசம் 20, 25 கிலோ என்றால் இந்த ஆட்டத்துக்கென்றே செய்த கவசம் 40 கிலோவுக்கு மேல் போகும். ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து அடி வாங்கினால் போதும் என்பதால் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கிரேன் வைத்து நைட்டைத் தூக்கிக் குதிரை மேல் உட்கார வைத்தார்கள் என்பது வெறும் கட்டுக்கதை.

குதிரைவால் எழுதியது:

யாருமே குதிரையைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லூரியில் என்.சி.சி குதிரைப் பிரிவில் இருந்தவன் நான், டென்ட் பெக்கிங் கொஞ்சம் பழகியிருக்கிறேன். முழுப் பாய்ச்சலில் குனிந்து தரையில் அடித்த முளையை ஈட்டியால் குத்தித் தூக்குவது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அதுவும் ஒரு போட்டியாக இருந்தது. அசையாத ஒரு மரத்துண்டைக் குத்துவதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதிரே வருவதும் ஓடுகிறது, நீயும் ஓடுகிறாய், குத்த வேண்டிய இடமோ ஒரு தட்டு அளவு என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஈட்டி மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம். அதை முழு ஓட்டமும் நீட்டிப் பிடிக்கக் கை தாங்காது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி, கடைசி சில நொடியில் இறக்கி, மார்புக் கவசத்தில் இருக்கும் இரும்புக் கொக்கி மேல் உட்கார வைக்க வேண்டும். அடியின் எதிர்விசையை அந்தக் கொக்கி வாங்கி மார்புக்குக் கொடுத்துவிடும், இல்லாவிட்டால் மணிக்கட்டு போயிற்று. இறக்கும்போது குதிரையின் ஒரு குதிப்பு முன்னே பின்னே ஆனால் முனை வானத்தையோ பலகையையோ பார்த்துக்கொண்டு போகும்.

இன்னொன்று, இது நிறைய பேர் கவனிக்காதது. வலக்கையில் ஈட்டி, எதிராளி இடப்பக்கம். ஆகவே ஈட்டி குதிரைக் கழுத்துக்குக் குறுக்கே சாய்ந்துதான் போகிறது, நேராகக் குத்துவதே இல்லை. சாய்வாகப் படும் அடியில் கம்பு சட்டென்று முறியும், ஆள் மேல் இறங்கும் விசை குறையும். தடுப்பு போட்டதால் அந்தச் சாய்வு எப்போதும் இருக்கும்படி ஆகிவிட்டது. குதிரைக்காக வந்த பலகை மனிதனையும் காப்பாற்றியது.

ஜெர்மானியர்கள் சில ஆட்டங்களில் குதிரையின் கண்ணையே கவசத்தால் மூடிவிடுவார்கள், மார்பைச் சுற்றி வைக்கோல் திணித்த பெரிய மெத்தை. கண்ணைக் கட்டிய குதிரை மேல் கண் தெரியாத மனிதன். குதிரையைக் கேட்டால் வேறு சரித்திரம் சொல்லும்.

நக்கலார் எழுதியது:

இருங்க இருங்க. மழுங்கிய முனை, முறியற மாதிரி கம்பு, நடுவில் தடுப்பு, நாற்பது கிலோ இரும்பு, கொக்கி, மெத்தை. இப்பவாவது ஒத்துக்கோங்க, ஸ்கார்பரோ சொன்னதுதான் சரி. செட்டப்.

பழையபேப்பர் எழுதியது:

//செட்டப்//

அப்படியென்றால் பேட்ஸ்மேன் காலில் பேடு கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருவதால் கிரிக்கெட்டும் செட்டப்தான். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் நாடகம். இங்கே தெரியாது. கம்பு முறிவதுதான் ரன்.

எட்வர்ட் மன்னர் (நான்காமவர்) சொல்லி 1466ல் வூஸ்டர் ஏர்ல் ஜான் டிப்டாஃப்ட் எழுதிய விதிகள் கிடைக்கின்றன. சேணத்துக்கு மேலே, தலைக்கவசத்தை மார்போடு மூட்டும் தாழ்ப்பாள் வரைக்கும் அடித்து ஈட்டி முறித்தால் ஒன்று. தாழ்ப்பாளுக்கு மேலே என்றால் இரண்டு. ஆளைக் கீழே தள்ளினாலோ கவசம் கழன்று விழும்படி அடித்தாலோ மூன்று. சேணத்தில் பட்டு முறிந்தால் ஒன்று கழிவு. தடுப்பில் இடித்தால் இரண்டு கழிவு, இரண்டாம் தடவை இடித்தால் மூன்று. முனைக்கு ஓர் அடிக்குள் முறிந்தால் முறிந்ததாகவே கணக்கில்லை, பட்டதாக மட்டும் எழுதிக்கொள்வார்கள். குதிரையை அடித்தவனுக்குப் பரிசே கிடையாது. குதிரைவால் சந்தோஷப்படலாம்.

கட்டியக்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதில் கோடு கிழித்துக் கணக்கு வைத்தார்கள். அந்த ஸ்கோர் அட்டைகள் சில இன்னும் இருக்கின்றன. பொய்ச் சண்டைக்கு யார் ஸ்கோர் அட்டை வைப்பார்கள்? இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்: பலகை வந்த பிறகுதான் இது விளையாட்டே ஆனது. அதற்கு முன்னால் நடந்தது சின்னப் போர், கூடவே கொள்ளை.

நக்கலார் எழுதியது:

ராஜாவே களத்தில் இறங்கினா? எந்தக் கட்டியக்காரன் ராஜாவுக்கு எதிரா கோடு கிழிப்பான்?

பழையபேப்பர் எழுதியது:

அது சரியான அடி. தாழ்ப்பாளுக்கு மேலே, இரண்டு புள்ளி. எட்டாம் ஹென்றியின் ஸ்கோர் அட்டைகளை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இரவுப்பறவை எழுதியது:

கோடு எப்படியும் போகட்டும், கம்புக்கு ராஜா யாரென்று தெரியாது. 1559 ஜூன் 30, பாரிஸ், சேன்-அன்த்வான் வீதி. ஸ்பெயினோடு சமாதானம் ஆகியிருந்தது, மகளை ஸ்பெயின் மன்னருக்கும் தங்கையை சவோய் பிரபுவுக்கும் கட்டிக்கொடுக்கும் கொண்டாட்டம். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஆன்ரி, 40 வயது, அன்றைக்குச் சில ஓட்டங்கள் ஓடி முடித்தாயிற்று. கடைசியாகத் தன் ஸ்காட்டிஷ் காவல் படைத் தலைவர் மோன்கோமரியோடு ஓடினார். அதில் திருப்தி இல்லை, இன்னொரு தடவை என்றார். ராணி கேத்தரின் போதும் என்று சொல்லி அனுப்பியும் கேட்கவில்லை. மோதலில் மோன்கோமரியின் ஈட்டி முறிந்தது. முறிந்த கட்டையை உடனே கீழே போட வேண்டும், போடவில்லை. அது முகமூடியைத் தூக்கிவிட்டு வலக்கண்ணுக்கு மேலே ஏறியது.

பத்து நாள் கிடந்தார். அறுவை மருத்துவத்தில் பெரிய பெயரான ஆம்புருவாஸ் பாரே வந்தார், பிரஸ்ஸல்ஸிலிருந்து வெசாலியஸ் வந்தார். சில்லு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று பார்க்க, மரண தண்டனை பெற்ற குற்றவாளிகளின் வெட்டிய தலைகளில் குத்திப் பார்த்தார்கள் என்று அக்காலக் குறிப்பு உண்டு. பலனில்லை. ஜூலை 10ல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனுக்கு 15 வயது, அடுத்த சில வருடத்தில் பிரான்ஸ் மதச் சண்டையில் மூழ்கியது. கேத்தரின் அவர் இறந்த அரண்மனையையே இடிக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்குப் பாரிஸ் போகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் பிளாஸ் தெ வோஜ் சதுக்கம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

நாஸ்ட்ரடாமஸ் இதை முன்னாலேயே சொன்னார் என்று யூடியூபில் பார்த்தேனே? இளம் சிங்கம் கிழச் சிங்கத்தை வெல்லும், தங்கக் கூண்டுக்குள் கண்ணைக் குத்தும் என்று?

இரவுப்பறவை எழுதியது:

யூடியூபில் எல்லாரும் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். அந்தச் செய்யுள் 1555ல் அச்சானது நிஜம். ஆனால் அதை ஆன்ரியோடு சேர்த்து அச்சில் எழுத ஆரம்பித்தது அவர் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து. தவிர, ‘கிழ’ சிங்கத்துக்கு 40 வயது, ‘இளம்’ சிங்கத்துக்கு முப்பதை ஒட்டி. இந்தக் கணக்கில் இந்த இழையில் பாதிப் பேர் கிழச் சிங்கங்கள்.

லீட்ஸ்அக்கா எழுதியது:

அந்த மாதிரி விபத்து அந்தக் காலத்தோடு போகவில்லை. 2007ல் இங்கே ராக்கிங்காம் கோட்டையில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஜவுஸ்டிங் நடித்துக் காட்டும்போது, பால்சா மரத்தில் செய்த ஈட்டியின் சில்லு கண் கீற்று வழியாக உள்ளே போய் ஒருவர் சில நாளில் இறந்துபோனார். பால்சா என்றால் பிள்ளைகள் விளையாட்டு விமானம் செய்கிற மரம்! 448 வருடம் கழித்து மறுபடியும் கண், மறுபடியும் சில்லு. அதைக் கேட்ட பிறகு முன்வரிசையில் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எட்டாம் ஹென்றியும் மயிரிழையில் இரண்டு தடவை தப்பியவர். 1524ல் முகமூடியை இறக்க மறந்துவிட்டு ஓடினார். பார்த்தவர்கள் நிறுத்து நிறுத்து என்று கத்த, எதிரே வந்த சஃபோக் பிரபுவுக்குக் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை. ஈட்டி தலைக்கவசத்தில் முறிந்து உள்ளே முழுக்கச் சில்லு. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு மேலும் ஆறு ஓட்டம் ஓடினாராம். 1536 ஜனவரியில் கிரீனிச்சில் கவசத்தோடு விழுந்தார், குதிரையும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் களத்தில் இறங்கவே இல்லை. அந்த அடிதான் அவர் குணத்தைக் கெடுத்து மனைவியைக் கொல்ல வைத்தது என்று இங்கே டிவியில் அடிக்கடி சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குணம் முன்பே அப்படித்தான்.

குதிரைவால் எழுதியது:

//குதிரையும் விழுந்தது//

குதிரைக்கு என்ன ஆச்சு என்று ஒரு வரி எழுதினார்களா? இல்லை.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

நான் பாதி மனம் மாறிவிட்டேன். ஆனாலும் ‘காட்சி’ என்ற பக்கத்தை விட மாட்டேன். பார்க்க ஆள் இல்லாவிட்டால் இவர்கள் இதைச் செய்திருப்பார்களா?

பழையபேப்பர் எழுதியது:

செய்திருக்க மாட்டார்கள், நீங்கள் விட வேண்டியதும் இல்லை. 1331ல் லண்டன் சீப்சைடில், கடைத்தெருவை அடைத்து, ராணி பிலிப்பாவும் மற்றப் பெண்களும் பார்ப்பதற்கு மரமேடை கட்டினார்கள். ஆட்டத்தின் நடுவே மேடை சரிந்து கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தது. ராஜாவுக்கு வந்த கோபத்தில் தச்சர்களின் கதை முடிந்திருக்கும், ராணி முழங்காலில் விழுந்து கெஞ்சிக் காப்பாற்றினார். அதன் பிறகு அங்கே கல்லில் மேடை கட்டினார்கள். நைட்டுகள் பாதுகாப்பாக மோத நூறு வருடம் கழித்துப் பலகை வந்தது, பார்வையாளருக்கு அதற்கு முன்னாலேயே கல்மேடை. இதை வேண்டுமானால் உங்கள் கட்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்சி என்றால் ஸ்பெயின்காரர் சுவேரோ த கினியோனெஸை மிஞ்ச முடியாது. காதலுக்கு அடிமை என்று காட்ட ஒவ்வொரு வியாழனும் கழுத்தில் இரும்பு வளையம் போட்டுக்கொண்டு திரிந்தவர். 300 ஈட்டி முறித்தால்தான் அந்த விரதம் தீரும் என்று மன்னரிடம் அனுமதி வாங்கி, 1434 கோடையில் ஒன்பது நண்பர்களோடு லியோன் பக்கம் ஓர்பிகோ ஆற்றுப் பாலத்தை மறித்துக்கொண்டு நின்றார். சாந்தியாகோவுக்கு யாத்திரை போகிற வழி அது. வருகிற நைட் எல்லாம் மோதிவிட்டுத்தான் போகணும். ஒரு மாதம் நடந்தது, பத்துப் பேரில் பலர் காயப்பட்டார்கள், வந்தவர்களில் ஓர் அரகோன்காரர் செத்தே போனார். 300க்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நடுவர்கள் போதும் போதும் என்று வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். பாலம் இன்றும் இருக்கிறது, ஜூனில் அதே இடத்தில் விழா எடுக்கிறார்கள்.

நக்கலார் எழுதியது:

டோல்கேட்டுக்கு முன்னோடி. ஃபாஸ்டேக் இல்லாதவன் மோதிட்டுப் போகணும்.

இரவுப்பறவை எழுதியது:

காசு கொடுத்துப் பார்ப்பதும் இருந்தது. எலிசபெத் ராணி பட்டமேறிய நாளான நவம்பர் 17ல் ஒயிட்ஹால் களத்தில் வருடாவருடம் நடத்துவார்கள், காசு கொடுத்தால் பொதுமக்களுக்கும் மேடையில் இடம். துப்பாக்கி வந்து போர்முறையே மாறிப்போய் வெகுகாலம் ஆகியும் இது நின்றுவிடவில்லை, 1620கள் வரை ஓடியது. அந்தக் களம் இருந்த இடம்தான் இப்போதைய ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானம். 2012 ஒலிம்பிக்கில் அதே இடத்தில் மணல் கொட்டிக் கடற்கரை வாலிபால் நடத்தினார்கள்.

பிறகு 1839ல் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு, பழைய பெருமையை மீட்கிறேன் என்று கிளம்பினார். லட்சம் பேர் வந்தார்கள் என்பார்கள். முதல் நாளே கொட்டோ கொட்டென்று மழை. கவசம் போட்ட பிரபுக்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றதைப் பத்திரிகைகள் பல காலம் வைத்துச் சிரித்தன.

லீட்ஸ்அக்கா எழுதியது:

ஸ்கார்பரோ தம்பி, மகனுக்கு முன்கூட்டியே முடிவு செய்யாத ஆட்டம் ஒன்றைக் காட்ட ஆசை என்றால் இத்தாலியில் அரெட்ஸோவுக்குப் போங்கள். ஆளோடு ஆள் மோதுவதில்லை, சுழலும் மரப்பொம்மை, ஒரு கையில் கேடயம், மறு கையில் சங்கிலியில் தொங்கும் குண்டு. கேடயத்தில் குத்தினால் இடத்தைப் பொறுத்து 1 முதல் 5 வரை புள்ளி, ஈட்டி முறிந்தால் இரட்டிப்பு. பொம்மை சுழன்று வந்து அந்தக் குண்டு உங்கள் மேல் பட்டால் புள்ளி குறையும். ஊரே நான்கு வட்டாரமாகப் பிரிந்து நின்று கத்தும், பரிசு தங்க ஈட்டி. ஜூனில் ஒரு சனிக்கிழமை இரவு, அப்புறம் செப்டம்பர் முதல் ஞாயிறு. நாங்கள் போன வருடம் செப்டம்பரில் போனோம், எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் வட்டாரத்து ஆள் 2 வாங்கியதற்கு அழுதுவிட்டார்.

குதிரைவால் எழுதியது:

குரோஷியாவில் சின் என்ற ஊரில் 1715ல் ஒட்டோமான் படையைத் துரத்திய நினைவாக ஆகஸ்ட்டில் ஒன்று நடக்கிறது. கயிற்றில் தொங்கும் இரும்பு வளையத்தைப் பாய்ச்சலில் ஈட்டியால் எடுக்கணும், நடு வளையம் 3, மேலே 2, கீழே 1. அந்த வட்டாரத்துப் பிள்ளையாக இல்லாவிட்டால் ஓடவே முடியாது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அதிகாரபூர்வ விளையாட்டே 1962லிருந்து இந்த வளையம் எடுக்கிற ஜவுஸ்டிங்தான், உங்களுக்குக் காரிலேயே போய்விடலாம். அடிபடுகிற குதிரையும் இல்லை.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகனிடம் மார்ஷல் கதையைச் சொன்னேன். 103 பேரைப் பிடித்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை, பட்டடைக் கல்லில் தலையை வைத்துக் குனிந்திருந்ததைத்தான் மூன்று தடவை சொல்ல வைத்தான். பிறகு, மீனை யார் சாப்பிட்டது என்று கேட்டான். பழையபேப்பர், அது எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பழையபேப்பர் எழுதியது:

தலை வெளியே வந்த பிறகுதானே சாப்பிட முடியும். பையனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், மார்ஷல் வாழ்க்கையைச் சொல்கிற, 19,000 வரிக்கு மேல் இருக்கிற பாட்டு, தேடிப் பார்க்கிறேன்.